மெட்ரோவுக்குப் பாலம் கேட்கிறீர்களா? முதலில் ஏற்றத்தைப் பாருங்கள்

கேள்வி: மொரீஷியஸில் ப்ளேன் வில்யெம் பக்கம் எங்கள் குடியிருப்பு. மெட்ரோ நிலையம் கண்ணுக்கு எதிரே தெரிகிறது. ஆனால் நடுவில் தண்டவாளம், வேலி. சாலை வழியாகச் சுற்றிப் போனால் இருபத்தைந்து நிமிடம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து ஒரு பாலம் கேட்டு மனு எழுதுகிறோம். கோவில் சங்கத்தில் பாதிப் பேர் படிக்கட்டும் லிப்டும் போதும் என்கிறார்கள், மீதிப் பேர் சுரங்கப்பாதை என்கிறார்கள். என் அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. மனுவில் என்ன கேட்பது?

பதில்: சங்கத்தில் எல்லாரும் பாலத்தின் நீளத்தையும் செலவையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆட்கள் அதில் நடப்பார்களா மாட்டார்களா என்பதை முடிவு செய்வது ஏறும் உயரம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மெட்ரோ என்றாலும் ஓடுவது டிராம்தான், அதற்கு மேலே மின்கம்பி போகிறது. அதற்கும் மேலே இடைவெளி விட்டுப் பாலம் போட்டால், நடைதளம் தண்டவாளத்திலிருந்து சுமார் 7 மீட்டர் உயரத்தில் வரும். படிக்கட்டு என்றால் நாற்பது படிக்கு மேல். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. சாய்தளம் என்றால், மூச்சு வாங்காமல் ஏற 20 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவு வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 140 மீட்டர் ஆகிவிடும். சக்கர நாற்காலிக்கான உச்ச வரம்பான 12-க்கு 1 என்று செங்குத்தாக்கினாலும் 84 மீட்டர், இடையில் நின்று இளைப்பாறும் தளங்கள் தனி. இதைப் பார்த்ததும் பையன்கள் வேலியில் ஓட்டை போட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆனால் உங்கள் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. மெட்ரோ பெரும்பாலும் பழைய ரயில்பாதைத் தடத்திலேயே போகிறது. 1865-இல் போட்ட பாதை அது. பயணிகள் ரயில் 1956-இலும் சரக்கு ரயில் 1964-இலும் நின்றன. நீராவி எஞ்சினுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது. அதனால் மேட்டை வெட்டியும் பள்ளத்தில் மண் கொட்டியும்தான் அந்தக் காலத்தில் தடம் போட்டார்கள். தண்டவாளம் வெட்டுப் பள்ளத்தில் ஓடும் இடம் உங்கள் பக்கத்தில் எங்காவது இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். அங்கே கரைக்குக் கரை போட்டால் ஏற்றமே இல்லாமலோ, மிகக் குறைந்த ஏற்றத்திலோ பாலம் வந்துவிடும். நிலையத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி இருந்தாலும் அதுதான் நல்ல இடம்.

தடம் மண்கரை மேல் போகும் இடமானால் சுரங்கப்பாதை யோசனையும் தப்பில்லை. ஆளுக்கு இரண்டரை மீட்டர் உயரம் போதும், ஏற்றம் இறக்கம் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் 2013 மார்ச் 30-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்று தலைநகர் போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர் துறைமுகக் கரையிலுள்ள கோடான் அருகே பாதசாரிகளுக்கான சுரங்கப்பாதையில் சிக்கியவர்கள். மழைநீர் தானாகவே வெளியே வழிந்தோடும் சரிவு இருந்தால் மட்டும் கேளுங்கள். பம்பை நம்பிக் கேட்காதீர்கள்.

லிப்ட் இருக்கட்டும், ஆனால் அது கூடுதலாக மட்டும். புயல் வந்து மின்சாரம் போகும் நாளில் லிப்டும் நின்றுவிடும்.

சைக்கிளுக்கு என்று தனியாக யோசிக்க மாட்டார்கள், நீங்கள்தான் எழுத வேண்டும். படிக்கட்டின் ஓரத்தில் சைக்கிளை உருட்ட ஒரு வாய்க்கால் விட்டுவிட்டு "சைக்கிளுக்கும் வழி உண்டு" என்று முடித்துவிடுவார்கள். அதையும் சுவரை ஒட்டியே போடுவார்கள். பெடல் சுவரில் இடிக்கும், ஹேண்டில்பார் கைப்பிடியில் மாட்டும். சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி தள்ள வேண்டும். பின்னால் காய்கறிப் பை தொங்கினால் அது காலில் அடித்துக்கொண்டே வரும். ஒருமுறை பட்டவர்கள் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார்கள். சாய்தளம்தான் வேண்டும், திருப்பங்களில் இறங்காமல் சைக்கிளைத் திருப்ப இடம் வேண்டும் என்று எழுதுங்கள்.

அகலம் 4 மீட்டர் கேளுங்கள், 3-க்குக் கீழே ஒப்புக்கொள்ளாதீர்கள். கைப்பிடி ஓரமாக யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை, இரு பக்கமும் அரை மீட்டர் வீணாகும். அப்படிப் பார்த்தால் 3 மீட்டர் என்பது உண்மையில் 2 தான். கைப்பிடிச் சுவர் 1.4 மீட்டர் இருந்தால் சைக்கிளில் வருபவர் சாய்ந்தாலும் வெளியே விழமாட்டார். மின்கம்பிக்கு மேலே வரும் பகுதியில் இன்னும் உயரமாக, ஓட்டையில்லாத பலகை வேண்டும். கீழே 750 வோல்ட் ஓடுகிறது, குழந்தைகள் குச்சி விட்டுப் பார்க்கக் கூடாது.

கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களா? நடைபாலங்களை வழக்கமாக சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ தாங்கும்படிதான் கணக்கிடுவார்கள். காவடி நாளில் ஊரே ஏறினாலும் எடை தாங்கும். ஆட்டம்தான் வேறு விஷயம். லண்டனில் 2000 ஜூனில் திறந்த மிலேனியம் நடைபாலம், நடப்பவர்கள் காலடியிலேயே பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடப்பட்டு 2002-இல்தான் மறுபடி திறந்தது. மெலிந்த, அழகான வடிவத்தைக் காட்டினால், அதிர்வுக் கணக்கு எங்கே என்று கேளுங்கள். கூரை கேட்பதானால் காவடியின் உயரத்தையும் சொல்லிவிடுங்கள். வரைபவருக்கு அது தெரிந்திருக்காது, அப்புறம் மயிலிறகை வளைத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

மனு நகராட்சிக்கு மட்டும் போனால் அங்கேயே தூங்கும். தண்டவாளம் மெட்ரோ எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் கையில். நடுவே பெரிய சாலையும் வந்தால் சாலை மேம்பாட்டு ஆணையத்துக்கும் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவுக்கும் நகல் வேண்டும். பள்ளத்தில் ஆறு ஓடினால், கரையிலிருந்து 16 மீட்டர் வரை ஆற்று ஒதுக்கு நிலம், சிற்றாறானால் 8 மீட்டர். தூணுக்கு அங்கே தனி அனுமதி.

மனுவோடு ஒரு தாள் இணையுங்கள். விடுமுறை இல்லாத ஒரு செவ்வாயோ புதனோ, காலை 6 முதல் 8.30 வரை இருவர் உட்கார்ந்து, எத்தனை பேர் நடந்து சுற்றிப் போகிறார்கள், எத்தனை சைக்கிள், எத்தனை பேர் வேலியைத் தாண்டுகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். வேலியை நோக்கிப் புல் தேய்ந்த ஒற்றையடிப் பாதை கட்டாயம் இருக்கும். அதைப் படம் எடுத்து முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். சாய்தளத்தின் அடி அதன் பக்கத்தில்தான் வர வேண்டும்.