பெரம்பூர் மாடித்தோட்டத்தில் வெள்ளை ஈ மருந்துக்குச் சாகவில்லை, ஏன்?

கேள்வி: கத்தரிச் செடிக்கு இமிடாகுளோபிரிட் அடித்தால் முன்பு வெள்ளை ஈ செத்தது. இப்போது அளவைக் கூட்டியும் பறக்கிறது. ஏன்?

ஈ மருந்துக்குப் பழகிவிட்டது என்பார்கள். உண்மையில் எந்தத் தனி ஈயும் பழகுவதில்லை. கூட்டத்தில் சிலவற்றுக்குப் பிறப்பிலேயே நஞ்சை முறிக்கும் சைட்டோக்ரோம் பி450 நொதி அதிகம் சுரக்கும். அது இமிடாகுளோபிரிட் மூலக்கூறில் ஆக்சிஜனை ஏற்றி, நரம்பு ஏற்பியில் (நரம்பில் மருந்து பற்றும் இடம்) ஒட்டும் வலுவைக் குறைக்கிறது. மற்றவை செத்துவிட, மிஞ்சிய இவைதான் பெருகுகின்றன. சென்னை வெயிலில் முட்டை ஈயாக மூன்று வாரம் போதும். இன்னொரு வினை: கருவுறாத முட்டையிலிருந்து வரும் ஆணுக்கு மரபணு ஒற்றைப் பிரதிதான், எதிர்ப்புக் குணம் மறைந்திருக்க வழியில்லை; அதனால் அது வேகமாகப் பரவும்.

செடிச்சாறு உறிஞ்சும் இன்னொரு பூச்சியான அசுவினியின் தந்திரம் வேறு. சிலவற்றில் எஸ்டரேஸ் என்ற நொதியின் மரபணு பல பிரதிகளாக இருக்கும்; அந்த நொதி ஆர்கனோபாஸ்பேட் என்ற வேறு வகை மருந்தைப் பஞ்சுபோல் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்.

கடைக்காரர் தயாமீதாக்சம் கொடுத்தால் வாங்காதீர்கள். பெயர்தான் வேறு, தாக்குவது அதே ஏற்பியை. மாடிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைய, வாரம் ஒருமுறை. மேலே மட்டும் தெளித்தால் குஞ்சுகள் தப்பிவிடும்.