கட்டிலுக்கு அடியில் இருக்கும் குட்டியை இழுக்காதீர்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நீர்கொழும்புப் பக்கம் நாய் வளர்த்து விற்பவர் ஒருவரிடமிருந்து மூன்றரை மாதப் பெட்டைக் குட்டி ஒன்றை அண்மையில் எடுத்து வந்தோம். அங்கே வீட்டுக்குப் பின்னால் ஒரு கூட்டுக்குள்ளேயே வளர்ந்ததாம். இங்கே வந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. குக்கர் விசிலடித்தால் நடுங்குகிறது. கணவர் வேலை முடிந்து வந்து குனிந்து கூப்பிட்டால் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிடுகிறது. ஒன்பது வயது மகன் அதை இழுத்து மடியில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறான். “காலி முகத்திடலுக்குக் கொண்டுபோய் நாலு சனத்தோடு பழகவிட்டால் பயம் தெளியும்” என்கிறார் மச்சாள். இது பயந்த நாயாகவே வளர்ந்துவிடுமா?
– ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்: காலி முகத்திடலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மச்சாள் நல்லது நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் ஞாயிறு பின்னேரம் அங்கே பறக்கும் பட்டங்கள், இறால் வடை வண்டிகள், ஓடித்திரியும் பிள்ளைகள், காற்று எல்லாம் ஒரே நேரத்தில் உங்கள் குட்டியைத் தாக்கும். கழுத்தில் பட்டி இருப்பதால் ஓடவும் முடியாது. கொஞ்ச நேரத்தில் அசையாமல் உட்கார்ந்துவிடும். பார்ப்பவர்கள் “பழகிவிட்டது” என்பார்கள். உண்மையில் அது பயத்தில் விறைத்துப்போய் இருக்கும். அடுத்த முறை வாசல் கதவைத் தாண்டவே மறுக்கும்.

நாய்க்குட்டிகள் புதிய மனிதர்களையும் சத்தங்களையும் இலகுவாக ஏற்றுக்கொள்ளும் காலம் ஏறக்குறைய 3 வாரத்தில் தொடங்கி 12, 14 வாரத்தோடு மூடத் தொடங்குகிறது. அமெரிக்காவில் 1961இல் வெளியான ஓர் ஆய்வில், 14 வாரம் வரை மனிதருடன் பழகாமல் வேலியடைத்த வெளியில் வளர்ந்த குட்டிகள் அதன்பிறகு மனிதரை நெருங்கவே மிகவும் அஞ்சின. உங்கள் குட்டி அந்த அளவுக்கு ஒதுக்கப்பட்டதல்ல, தீனி வைத்த கையையாவது தினமும் கண்டிருக்கும். அதனால் நிச்சயம் தேறும், ஆனால் மெதுவாகத் தேறும். கூட்டத்தை விரும்பும் நாயாக அது ஒருநாளும் மாறாமல் போகலாம். உங்கள் வீட்டுக்குள் நிம்மதியாக, உங்களை நம்பி வாழும் நாயாக அதை ஆக்க முடியும்.

அதற்கு ஒரே வழி, ஒவ்வொரு அடியையும் குட்டியே எடுத்து வைக்க விடுவதுதான். கட்டிலுக்கு அடியிலுள்ள இடம் அதனுடையது. உங்கள் பழைய சாரம் ஒன்றை அங்கே விரித்துவிடுங்கள். யாரும் உள்ளே கை நீட்டக் கூடாது. மகனிடம் “தொடாதே” என்று மட்டும் சொன்னால் பாவம், அவனுக்குப் பொறுக்காது. ஒரு வேலை கொடுங்கள்: கொஞ்சம் தள்ளித் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, குட்டியைப் பார்க்காமல் பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். இடையிடையே உப்பும் வெங்காயமும் சேராத அவித்த கோழித் துண்டைக் கட்டில் பக்கம் போடட்டும். இழுத்தால் பயத்தில் கடிக்கக்கூடும். பல் சற்றே பட்டாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நம் நாட்டில் விசர்நாய் நோய் இன்னும் இருக்கிறது.

கணவரைக் கண்டு சிறுநீர் விடுவது அழுக்குப் பழக்கமல்ல. “என்னை ஒன்றும் செய்யாதே” என்று குட்டி கெஞ்சுவது அது. ஏசினால் கூடும். அவர் வந்ததும் குட்டியைக் கவனிக்காமல் முகம் கழுவி, தேநீர் குடித்துவிட்டு, அப்புறம் தரையில் உட்காரட்டும். அதுவாக வந்து மணந்து பார்த்தால் நெஞ்சுப் பக்கம் மெல்லச் சொறியலாம். தலைக்கு மேலாகக் கை போகக் கூடாது. நடுங்கிக்கொண்டு உங்களிடம் ஒதுங்கினால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். தடவினால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை.

குக்கர் விசிலைத் தொலைபேசியில் பதிவுசெய்து, மிகக் குறைந்த ஒலியில் போடுங்கள். சத்தம் கேட்டவுடனே ஒரு துண்டு கோழி. சத்தம் முதலில், தீனி பிறகு. இந்த ஒழுங்கு மாறக் கூடாது. குட்டி துண்டைத் தின்னவில்லை என்றால் சத்தம் அதற்குப் பெரிதாக இருக்கிறது, குறையுங்கள். தின்கிறதா இல்லையா என்பதுதான் உங்களுக்கு அளவுகோல். தெருவில் பாண் விற்று வரும் சூன் பாண் ஓட்டோவின் பாட்டுக்கும், கரையோர ரயிலின் ஊதலுக்கும் இதே வழிதான்.

தடுப்பூசிகள் முழுவதும் முடியும்வரை தெருத்தரையில் விடாதீர்கள். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கவும் வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் உட்காருங்கள். லிஃப்ட் கதவு திறந்து மூடுவதைத் தள்ளி நின்று காட்டிவிட்டுத் திரும்புங்கள். அதற்குப் பழகியபின் விடியற்காலையில் மரைன் டிரைவ் பக்கம் போகலாம். நடக்கவிடும் காலம் வந்ததும் கழுத்துப் பட்டியோடு மார்புப் பட்டியும் போடுங்கள், இதில் மட்டும் அசட்டை வேண்டாம். மிரண்ட குட்டி பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டால் அடுத்த கணம் காலி வீதியில் நிற்கும்.

தடுப்பூசி போட்ட, சாதுவான பெரிய நாய் ஒன்று தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அதனோடு மட்டும் பழகவிடுங்கள். அதைப் பார்த்தே குட்டி நிறையக் கற்றுக்கொள்ளும்.

இந்த வாரமே ஒரு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வயிற்றுப் பூச்சியோ காது வலியோ இருந்தாலும் குட்டி இப்படி ஒதுங்கும். விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் அட்டையில் பாருங்கள். சில வாரம் இப்படிச் செய்தும் ஆட்கள் இருக்கும்போது தின்ன மறுத்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், பயத்தைத் தணிக்கும் மருந்துகளும் இருக்கின்றன. போகுமுன் தொலைபேசியில் கூப்பிட்டு, முறை வரும்வரை குட்டியோடு ஓட்டோவிலேயே இருக்கலாமா என்று கேளுங்கள். மற்ற நாய்கள் குரைக்கும் காத்திருப்பு அறையில் அதை உட்காரவைக்க வேண்டாம்.