கிட்டார் ஆம்ப்புக்குப் பழைய பாணி ஸ்பீக்கர்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: என்னிடம் இருப்பது 22 வாட் ட்யூப் காம்போ ஆம்ப் (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்). ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர், 8 ஓம். அதன் கோன் (ஒலியை எழுப்பும் காகிதக் கூம்பு) கிழிந்துவிட்டது. 1960களின் சாயலில் ஒலிக்கும் ஸ்பீக்கரை மாட்ட ஆசை. அல்னிகோ காந்தம் உள்ளதை வாங்குவதா, செராமிக் காந்தம் உள்ளதையா? 25 வாட் தாங்குமா? பிடித்த மாடல் 16 ஓமில்தான் கிடைக்கிறது, போடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம், ஆம்ப்பைக் கெடுக்கக்கூடியது அதுதான். ட்யூப் ஆம்ப்பில் பவர் ட்யூப்களையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் குறிப்பிட்ட ஓமுக்கென்றே சுற்றப்பட்டது. 8 ஓம் ஜாக்கில் 16 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் உடனே எதுவும் எரிந்துவிடாது; பல ஆம்ப்கள் இந்த அளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பவர் குறையும். வால்யூமை ஏற்றி வாசிக்கும்போது பவர் ட்யூப்களுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் வீண் சுமை. பின்பக்கம் 16 ஓம் ஜாக்கோ ஸ்விட்ச்சோ இருந்தால் தாராளமாகப் போடுங்கள், இல்லையென்றால் 8 ஓம் வரும்வரை காத்திருங்கள். அதுவரை ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்பை ஓட்டிப் பார்க்கவே கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் கணக்கு நேர்மாறு: ஓம் கூடினால் சத்தம் குறையும், அவ்வளவுதான், குறிப்பிட்டதைவிடக் குறைந்தால்தான் அவுட்புட் பகுதி எரியும்.

கைமாறி வரும் ஸ்பீக்கரில் ஒட்டியிருக்கும் லேபிளை நம்ப வேண்டாம். கோன் மாற்றியபோது அதை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலையும் வேறு ஓமில் போட்டிருக்கலாம். மல்டிமீட்டரை டெர்மினல்களில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 முதல் 7 வரை காட்டும், 16 ஓம் ஸ்பீக்கர் 12, 13 பக்கம் நிற்கும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

அடுத்தது வாட். 22 வாட் என்பது ஒலி உடையாமல், அதாவது டிஸ்டார்ஷன் (கரகரப்பு) வராமல், ஆம்ப் தரும் அளவு. டிஸ்டார்ஷன் வரும்வரை முறுக்கினால் 30ஐத் தாண்டும், சில ஆம்ப்கள் இருமடங்கு வரைகூடப் போகும். செலஸ்டியன் கிரீன்பேக் 25 வாட், அதே நிறுவனத்தின் அல்னிகோ ப்ளூ 15 வாட்தான். ஒற்றை ஸ்பீக்கர் ஆம்ப்பில், அதுவும் சத்தமாக வாசிப்பவருக்கு, இரண்டும் கத்திமேல் நடப்பது. ப்ளூ இரண்டாகச் சேர்ந்து 30 வாட் வாக்ஸ் ஆம்ப்பில் உட்கார்ந்ததே அந்தக் காலத்தில் இறுக்கமான கணக்கு. உங்களுக்கு 40 முதல் 65 வாட் வரை பாருங்கள். ஜென்சன் சி12என் மறுவெளியீடு 50 வாட், செலஸ்டியன் ஜி12எம்-65 க்ரீம்பேக் 65 வாட். பெயரில் ஏமாறவும் வாய்ப்புண்டு: வின்டேஜ் 30இன் ‘30’ வாட் அல்ல, அது 60 வாட் தாங்கும். பெயருக்குத்தான் வின்டேஜ், ஸ்பீக்கர் வந்தது 1980களில்.

விற்பவர்கள் அதிகம் பேசாத எண் ஒன்று உண்டு. அதுதான் சென்சிட்டிவிட்டி: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்ற அளவு. கிரீன்பேக் 98, ப்ளூ 100. இரண்டே டெசிபல்தானே என்று தள்ளிவிட வேண்டாம். 3 டெசிபல் கூடினால் ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். வீட்டில் மட்டும் வாசிக்கிறீர்கள், வால்யூமை ஏற்றினால்தான் ஆம்ப்பின் ஒலி சுவையாக உடைகிறது என்றால் 96, 97 டெசிபல் ஸ்பீக்கர் நல்ல தேர்வு. டிரம்ஸுக்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் 100. வேறு வேறு மாடல்களை ஜோடியாகப் போடுவோர் இந்த எண்ணைப் பார்க்காமல் விடுவதால், சத்தம் கூடியது மற்றதை அமுக்கிவிடுகிறது.

இனி அல்னிகோவா, செராமிக்கா? பெரும்பாலான விவாதம் இங்கேதான் நடக்கிறது, தேவைக்கு மேல் நடக்கிறது. கோனின் தடிமன், அதன் ஓரத்து மடிப்பு, வாய்ஸ் காயிலின் விட்டம் ஆகியவை காந்தத்தைவிட ஒலியை அதிகம் மாற்றும். அல்னிகோ அழுத்தி வாசிக்கும்போது மெதுவாக மென்மையடைவதாகப் பலர் உணர்கிறார்கள்; குறைந்த வால்யூமில் அந்த வேறுபாடு காதுக்கு எட்டுவது அரிது. 1960களின் அமெரிக்க ஆம்ப்களில் பலவற்றில் செராமிக்தான் இருந்தது. ஜென்சன் மாடல் எண்ணில் பி என்றால் அல்னிகோ, சி என்றால் செராமிக். கடைசி எழுத்து காயிலைச் சொல்லும்: என் என்றால் ஒன்றரை இன்ச், ஆர் என்றால் ஒரு இன்ச். பளிச்சென்ற மேல் ஸ்தாயியும் சுத்தமான ஒலியும் வேண்டுமானால் ஜென்சன் சி12என் வகை. நடு ஸ்தாயி முன்னால் நிற்கும் பிரிட்டிஷ் ராக் ஒலி வேண்டுமானால் க்ரீம்பேக் வகை. உங்கள் ஆம்ப்புக்கு முதல் தேர்வாக நான் சொல்வது சி12என். ஆம்ப்பே ஏற்கெனவே காதைக் குத்துகிறது என்றால் மட்டும் க்ரீம்பேக்.

உண்மையான பழைய ஸ்பீக்கரே கிடைத்தால் அதன் உலோகச் சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணைப் படியுங்கள். முதல் மூன்று இலக்கங்கள் தயாரித்த நிறுவனத்தைச் சொல்லும்: 220 ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்ட், 137 சிடிஎஸ். அடுத்த இலக்கங்கள் ஆண்டும் வாரமும். 220632 என்றால் ஜென்சன், 6இல் முடியும் ஆண்டு, 32ஆம் வாரம்; 1956ஆ 1966ஆ என்பதை மாடலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பிறகு டஸ்ட் கேப்பை (கோனின் நடுவிலுள்ள மூடி) சுற்றி நான்கு விரல்களைச் சமமாக வைத்துக் கோனை மெல்ல அழுத்தி விடுங்கள். கரகரவென்று உரசினால் காயில் இடத்தில் இல்லை. அதை விட்டுவிடுவதே மேல்.

பொருந்துமா என்பதையும் அளந்து பாருங்கள். 12 இன்ச் ஸ்பீக்கர்களின் விளிம்பு ஏறக்குறைய ஒன்றேதான், ஆனால் ஆழம் மாறும். மணிபோல் மூடியிட்ட காந்தம் பின்னால் நீண்டு பவர் ட்யூபையோ டிரான்ஸ்ஃபார்மரையோ ரிவெர்ப் பெட்டியையோ இடிக்கலாம். பேஃபிளிலிருந்து (ஸ்பீக்கரை மாட்டும் முன்பலகை) அங்கே வரை உள்ள இடைவெளியை அளந்து, ஒரு விரல் இடமாவது விட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது பிளக்கைக் கழற்றி, ட்யூப்கள் ஆறும்வரை விடுங்கள். சேஸிஸை (மின்சுற்று இருக்கும் உலோகப் பெட்டி) திறக்க வேண்டியதில்லை. ஆம்ப்பை முகம் கீழாகப் படுக்க வைத்தால் வேலை எளிது. ஸ்க்ரூ டிரைவரைக் காந்தம் சட்டென இழுக்கும். நுனி நேராகக் கோனில் பாயும். புதுக் கோன் கிழிவது பெரும்பாலும் இப்படித்தான். எனவே ஒரு கையைக் கோனுக்கும் டிரைவருக்கும் நடுவே வையுங்கள், அல்லது அட்டையால் மூடுங்கள். நட்டுகளை எதிரெதிராக, விரலால் இறுகியபின் கால் திருப்பு மட்டும் முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் சட்டம் வளைந்து காயில் உரசும். ஒற்றை ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் துருவம் மாறினால் பெரிதாகத் தெரியாது. ஜோடியில் பேஸ் காணாமல் போகும். 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கரின் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டு, கோன் வெளியே வருகிறதா பாருங்கள். பழைய ஜேபிஎல்கள் இதற்கு எதிராக உள்ளே போகும்.

முதல் நாள் ஒலி விறைப்பாக இருக்கும். பத்து இருபது மணி நேரம் வாசித்தபின் முடிவெடுங்கள். அதற்கு முன்பே ஏதாவது ஒரு ஸ்வரத்தில் மட்டும் அதிர்ந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்லாமல், ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்தபடி முதலில் பின் பலகை, ட்யூப் கவசங்கள், தளர்ந்த ஒயர் என ஒவ்வொன்றையும் விரலால் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி ட்யூப் சுடும், துணியோடு பிடியுங்கள்.