அமெரிக்க வாயில் ‘ழ’ நுழையும்

கேள்வி: என் மகளின் பெயரில் ஒரு ‘ழ’ இருக்கிறது. அவளுடைய வகுப்பாசிரியை அதை ‘ஜாபிரேக்கர்’ என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சுருக்கமாக வேறு பெயர் வைத்துக் கூப்பிடலாமா என்று கேட்கிறார். அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஒருவகை மிட்டாய் என்றும் போட்டிருக்கிறது. மிட்டாய்க்கும் வாயில் நுழையாத பெயருக்கும் என்ன சம்பந்தம்? – நியூ ஜெர்ஸி வாசகி

பதில்: சம்பந்தம் தாடைதான். ஜாபிரேக்கர் என்றால் தாடையுடைப்பான். சொல்லப் போனாலும் உடையும், கடிக்கப் போனாலும் உடையும் என்று இரண்டுக்கும் ஒரே பெயர். அந்த மிட்டாயைச் செய்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதால் அதைச் சொல்லிவிட்டே உங்களிடம் வருகிறேன். சுழலும் கொப்பரையில் சின்னச் சர்க்கரைப் பரல்களைப் போட்டு, மேலே சூடான பாகை ஊற்றி, அது காய்ந்து ஒட்டியதும் மறுபடி ஊற்றி, மறுபடி காயவிட்டு, இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டுவார்கள். சிகாகோவில் 1908இல் தொடங்கிய ஃபெராரா கம்பெனி இந்த வேலையில் பேர்போனது. இங்கிலாந்தில் இதே உருண்டைக்கு காப்ஸ்டாப்பர் என்று பெயர், அதாவது வாயடைப்பான். சப்பச் சப்ப அடுக்கு மாறும், நிறம் மாறும். கமர்கட்டைக் கடித்து வளர்ந்தவர்கள்கூட இதைக் கடிக்கத் துணிய வேண்டாம்.

சரி, மிட்டாய் போதும். ‘வாயில் நுழையாத பெயர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைச் சுட்டது. ஆசிரியை சொன்னது இருக்கட்டும், பெயர் வைத்த நீங்களே அதை ஒப்புக்கொள்ளலாமா அம்மா? உலகத்தில் ‘ழ’ நுழைவதற்குத் தோதான வாய் ஒன்று உண்டென்றால் அது அமெரிக்கர்களின் வாய். அவர்கள் ‘கார்’ என்று சொல்லும்போது கடைசியில் வருகிற ஒலியைக் காது கொடுத்துக் கேளுங்கள். லண்டன்காரர் அந்த ‘ர்’-ஐ விழுங்கிவிடுவார். அமெரிக்கர் பெரும்பாலும் விழுங்க மாட்டார், நாக்கைப் பின்னுக்கு இழுத்தோ மேலே வளைத்தோ, எங்கும் தட்டாமல் அந்தரத்தில் வைத்துச் சொல்வார். நம் ‘ழ’வுக்கும் நாக்கு அண்ணத்தைத் தொடாமல் அப்படித்தான் நிற்கிறது. ‘ழ’வுக்கு ஒலியியலார் எழுதுகிற அதே குறியைப் பல அமெரிக்கர்கள் சொல்லும் ‘ர’வுக்கும் எழுதுகிறார்கள். உங்கள் ஆசிரியை காலையிலிருந்து மாலை வரை கிட்டத்தட்ட ‘ழ’ சொல்லிக்கொண்டேதான் பாடம் நடத்துகிறார், அவருக்குத்தான் அது தெரியாது. நம் சோழமண்டலக் கரையும் ஐரோப்பியர் வாயில் கோரமண்டல்தான் ஆயிற்று. அவர்கள் காதிலேயே ‘ழ’ ‘ர’வாகத்தான் விழுந்திருக்கிறது.

அப்படியானால் கோளாறு எங்கே? ‘ழ’வை ஆங்கிலத்தில் எழுத நாம் போடுகிற இசட், எச் என்ற இரண்டு எழுத்துகளில். இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். இசட்டையும் எச்சையும் சேர்த்துப் பார்க்கிற ஆங்கிலக்காரருக்கு ‘ட்ரெஷர்’ என்ற சொல்லின் நடுவில் வருகிற ஒலிதான் தோன்றும், ‘ழ’ தோன்ற வழியே இல்லை. டெல்லித் தொலைக்காட்சிகளில் கனிமொழி ‘கனிமோஸி’ ஆவதும் கோழிக்கோடு ‘கோஸிகோட்’ ஆவதும் இதனால்தான். நாமே தப்பான சாவியைக் கொடுத்துவிட்டு அவர்களுக்குப் பூட்டைத் திறக்கத் தெரியவில்லை என்கிறோம்.

உண்மையிலேயே அவர்களுக்குக் கடினமானது எது தெரியுமா? நம் ‘ட’வும் ‘த’வும். கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாத வயதில் இந்தியின் ‘ட’, ‘த’ இரண்டையும் வேறு வேறாகக் கேட்கின்றன. பத்துப் பன்னிரண்டு மாதத்தில் அந்தக் காது பெரும்பாலும் மங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வித்தியாசத்தைக் கேட்கப் பயிற்சி எடுக்க வேண்டும். உங்கள் மகளின் ‘ழ’வுக்கு அந்த அளவு சிரமம்கூட இல்லை.

இதே மூச்சில் நம்மவர்களுக்கும் ஒன்று. ‘வாளப்பளம்’ என்று தெற்கேயும் ‘வாயப்பயம்’ என்று சென்னையிலும் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது, அது வீட்டுப் பேச்சு, அதற்கு ஓர் அழகு உண்டு. மேடையில் மைக்கைப் பிடித்து, அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டு, ‘தமில் வால்க’ என்கிற அறிவிப்பாளர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நாக்கை வளைக்க ஒரு வாரம் பழகினால் போதும், அதைக்கூடச் செய்யாதவர்கள் அந்த மேடைக்கு ஏறக் கூடாது.

அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெயரை எழுதிக் காட்டாதீர்கள், சொல்லிக் காட்டுங்கள், ‘ழ’ வரும் இடத்தில் ‘கார்’ என்பதன் கடைசி ஒலியை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். நாலு முறை சொன்னால் ஐந்தாம் முறை வந்துவிடும். பள்ளிப் பதிவேட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், உச்சரிப்புக்கென்று ஒரு வரி தனியாக எழுதிக் கொடுங்கள், அதில் இசட் வேண்டாம், ஆர் போடுங்கள். நாளைக்குத் தோழிகளுக்குள் கூப்பிட உங்கள் மகளே ஒரு செல்லப் பெயர் வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும், அது அவள் உரிமை. ஆசிரியையின் வசதிக்காகச் சுருக்க மட்டும் சம்மதிக்காதீர்கள்.