டிக்கெட்டை உறுப்பினர் அட்டையாக மாற்றித் தர மறுக்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: ஐயா, வணக்கம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், என் தம்பி என ஐந்து பேர் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். எங்கள் நால்வருக்கும் அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே நான் டிக்கெட் எடுத்தேன். தம்பி ஒரு பயண முகவரின் செயலி வழியாகத் தனியாக எடுத்துக்கொண்டான். நான் பதிவு செய்த பக்கத்தில், ‘நுழைவுச்சீட்டை ஆண்டு உறுப்பினர் அட்டையாக மாற்றிக்கொள்ளலாம், செலுத்திய தொகை சந்தாவில் கழிக்கப்படும்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியவில்லை. சரி, உறுப்பினராகிவிடுவோம் என்று இரண்டு நாள் கழித்து ஐந்து சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கே, கட்டடத்தை விட்டு வெளியேறும் முன்பே மாற்றியிருக்க வேண்டும் என்று கவுன்டரில் மறுத்துவிட்டார்கள். பணம் கட்டிய பிறகு வந்த மின்னஞ்சலின் அடியில் அந்த வரி இருக்கிறது. ‘சலுகையை நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்’ என்றும் இருக்கிறது. போதாததற்கு, அட்டை தருவது ‘நண்பர்கள் சங்கம்’ என்ற வேறு அமைப்பாம். சட்டப்படி நான் கேட்க முடியுமா? தம்பியின் சீட்டையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: கேட்கலாம். உங்கள் நான்கு சீட்டுகளைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் நியாயம் வலுவாகவே இருக்கிறது. தம்பியின் சீட்டு வேறு கதை, அதற்குக் கடைசியில் வருகிறேன். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் பிரிட்டிஷ் பொதுச்சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளுக்கு ஏறக்குறைய பொதுவான ஒப்பந்த விதிகளை வைத்தே சொல்கிறேன். உள்ளூர் நுகர்வோர் சட்டம் இதற்கு மேல் கூடுதல் பலம் தரலாம்.

இந்த மாதிரி விஷயத்தில் நான் முதலில் கேட்பது ஒன்றே: மாற்றிக்கொள்ளலாம் என்ற வாக்குறுதியை எப்போது பார்த்தீர்கள், பணம் கட்டும் முன்பா, பிறகா? பல பேர் சீட்டின் பின்புறத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதையே துருவித் துருவிப் படிப்பார்கள். அது எப்போது கைக்கு வந்தது என்பதுதான் பெரும்பாலும் வழக்கைத் தீர்மானிக்கும்.

நீங்கள் பணம் கட்டும் முன்பே பார்த்துவிட்டீர்கள். அப்படியானால் நீங்கள் வாங்கியது ஒரு நாள் நுழைவு மட்டும் அல்ல, அந்தத் தொகையைச் சந்தாவில் கழித்துக்கொள்ளும் உரிமையும் சேர்ந்ததுதான். அதற்கும் சேர்த்தே விலை கொடுத்திருக்கிறீர்கள் என்று வாதிடலாம். இலவசமாகக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டோம் என்று அருங்காட்சியகம் சொல்ல முடியாது. வெளியே வரும் வழியில் இருந்த ஒரு பலகையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அங்கே டிக்கெட் ஒப்பந்தம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. பலகை புதிதாக ஒன்றை முன்வைக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் ஏற்கும் முன் அதை அவர்கள் விலக்கிக்கொள்ளலாம். அதில் எழுதியிருக்கும் காலக்கெடுவும் உங்களைக் கட்டுப்படுத்தும்.

இதே அளவுகோல்தான் ‘அன்றைக்கே மாற்ற வேண்டும்’ என்ற நிபந்தனைக்கும். பணம் கட்டிய பிறகு வந்த மின்னஞ்சலில்தான் அது முதலில் தலைகாட்டியது என்றால், அது ஒப்பந்தத்தின் பகுதியே அல்ல. 1949-இல் இங்கிலாந்தில் ஆலி என்பவர் மார்ல்பரோ கோர்ட் என்ற ஹோட்டலுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அறையிலிருந்த பொருட்கள் திருடுபோயின. தொலைந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று ஹோட்டல் சொன்னது. அந்த அறிவிப்பு ஒட்டியிருந்ததோ அறைக்குள்ளே. வரவேற்பிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டதால், மாடியேறிப் போய்ப் படித்த நிபந்தனை விருந்தினரைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். 1971-இல் தார்ன்டன் வழக்கில் தானியங்கி இயந்திரம் தந்த வாகன நிறுத்தச் சீட்டில் சொல்லப்பட்ட நிபந்தனைக்கும் இதே கதிதான். பணம் போட்டவர் இயந்திரத்தோடு வாக்குவாதம் செய்து விலகிப் போக முடியாதே என்பதுதான் அதில் நீதிபதி டென்னிங் பிரபுவின் தர்க்கம். இணையத்தில் டிக்கெட் எடுப்பவர் நிலையும் அதற்கு ரொம்ப தூரமில்லை.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பணம் கட்டும் முன் ‘நிபந்தனைகளை ஏற்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தீர்களா? அடித்திருப்பீர்கள், பெரும்பாலான தளங்கள் அது இல்லாமல் விடாது. அந்த நிபந்தனைப் பக்கத்தில் ‘அதே நாளில் மட்டும்’ என்று இருந்தால், நீங்கள் படிக்கவில்லை என்பது எடுபடாது. 1877-இல் பார்க்கர் என்பவரின் வழக்கு இந்தத் துறைக்கே அடித்தளம். ரயில் நிலையத்தில் பையை ஒப்படைத்துச் சீட்டு வாங்கினார், பை தொலைந்துபோனது. சீட்டைப் படித்தாரா என்பதைவிட, நிபந்தனை இருப்பது வாடிக்கையாளருக்குத் தெரியவருமாறு நியாயமான அறிவிப்பு தரப்பட்டதா என்பதே முக்கியம் என்று அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. ஆகவே இப்போதே உட்கார்ந்து அந்தப் பதிவுப் பக்கத்தை மறுபடி திறந்து, கடைசிப் படி வரை போய், ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் போன மறுநாளே அந்தப் பக்கம் மாறிவிட வாய்ப்புண்டு. பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணையக் காப்பகங்களில் நீங்கள் டிக்கெட் எடுத்த சமயத்துப் பக்கம் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

நிபந்தனைப் பக்கத்திலும் அந்த வரி இல்லை என்றால், காலக்கெடுவே சொல்லப்படவில்லை என்று ஆகிறது. காலம் சொல்லப்படாத இடத்தில் ‘நியாயமான காலம்’ என்று சட்டம் தானே நிரப்பிக்கொள்ளும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 46-ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. மற்ற பொதுச்சட்ட நாடுகளிலும் நீதிமன்றங்கள் இப்படித்தான் பார்க்கின்றன. இரண்டு நாள் நியாயமான காலம் இல்லை என்று யாரும் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறு மாதம் கழித்துப் போயிருந்தால் நானே உங்களைக் கேள்வி கேட்டிருப்பேன்.

அவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘அதே நாள்’ என்ற விதி ஒன்றும் அக்கிரமமானதில்லை, நிறைய அருங்காட்சியகங்களில் உண்டு. வாசலில் யாரோ போட்டுவிட்டுப் போன சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து தள்ளுபடி கேட்பவர்களைத் தடுக்க வேண்டும் அல்லவா? அதனால் நிபந்தனை முன்கூட்டியே தெளிவாகக் காட்டப்பட்டிருந்தால், அது நியாயமற்றது என்று வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். காட்டப்படவில்லை என்பதுதான் உங்கள் வாதம்.

‘நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்’ என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதுவும் பிறகு வந்த மின்னஞ்சலில்தான் இருக்கிறது என்றால் மேலே சொன்னதே போதும். முன்பே இருந்தாலும், நாளை முதல் டிக்கெட் எடுப்பவர்களுக்குச் சலுகையை நிறுத்த அது உதவுமே தவிர, ஏற்கெனவே காசு வாங்கியவரிடம் வாக்கை மாற்ற உதவுவது கடினம். ஒரு தரப்பு மட்டும் தன் இஷ்டத்துக்கு ஒப்பந்தத்தை மாற்றும் விதிகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் 1993-ஆம் ஆண்டு நெறிமுறையும், பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கின்றன. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தனியாக ஒரு வரையறை இருக்கிறது.

இனி அந்த நண்பர்கள் சங்கம். கவுன்டரில் இருந்தவர் சாக்குக்காகச் சொன்னாரோ என்னவோ, அதில் விஷயம் இருக்கிறது. பல இடங்களில் கட்டடமும் சேகரிப்பும் ஓர் அமைப்பிடம் இருக்கும், உறுப்பினர் சேர்ப்பது தனியாகப் பதிவு செய்யப்பட்ட சங்கமாக இருக்கும். சட்டத்தின் கண்ணில் இரண்டும் இரண்டு நபர்கள். நீங்கள் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த பணத்தைத் தன் சந்தாவில் கழிக்கச் சொல்லி, ஒப்பந்தத்தில் இல்லாத சங்கத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. அந்தச் சங்கத்தில் உறுப்பினருக்கு வாக்குரிமை இருந்தால் இன்னும் சிக்கல். அதன் துணைவிதிப்படி விண்ணப்பத்தை நிர்வாகக் குழு ஏற்றால்தான் உறுப்பினர் ஆக முடியும், காசு கொடுத்ததாலேயே ஆகிவிட முடியாது.

அதற்காக அருங்காட்சியகம் தப்பித்துவிடாது. வாக்குக் கொடுத்தது அதன் பக்கத்தில், அதன் பெயரில். அதை நிறைவேற்றும் ஏற்பாட்டைச் சங்கத்தோடு செய்துகொள்வது அதன் பொறுப்பு. முடியவில்லை என்றால், கழித்திருக்க வேண்டிய தொகையை உங்களுக்கு நஷ்டஈடாகத் தர வேண்டும். ஆகவே கடிதத்தை அருங்காட்சியக நிர்வாகத்துக்கு அனுப்புங்கள், சங்கத்துக்கு ஒரு நகல் போதும். பணம் உண்மையில் யாருக்குப் போனது என்பதை ரசீதிலும் வங்கிக் கணக்கிலும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கடிதம் நீளமாக வேண்டாம். டிக்கெட் எடுத்த தேதி, பதிவு எண், பக்கத்தில் இருந்த வாசகம் அப்படியே, கவுன்டரில் மறுத்த நாள், இவை போதும். ஒரு வரியை மட்டும் மறக்க வேண்டாம்: சந்தாவின் மீதித் தொகையைக் கட்ட இப்போதும் தயாராக இருக்கிறேன் என்பது. தன் பங்கைச் செய்யத் தயாராக இருப்பவர்தான் எதிர்த்தரப்பின் பங்கைக் கேட்க முடியும். பதிலுக்கு ஒரு கால அவகாசம் கொடுங்கள். வராவிட்டால் நுகர்வோர் ஆணையமோ சிறு வழக்கு மன்றமோ, உங்கள் நாட்டில் எது உண்டோ அதை அணுகலாம். வக்கீல் வைத்து நடத்தும் அளவுக்கு இது பெரிய தொகை இல்லை. என் தொழிலுக்கு விரோதமாகச் சொல்கிறேன், வைக்காதீர்கள். கிடைக்கப்போவது கழிவுத் தொகை. மன உளைச்சலுக்குப் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவர்கள் இறங்கிவந்து மாற்றித் தருகிறோம் என்றால், கையெழுத்துப் போடும் முன் சில விஷயங்களைக் கேளுங்கள். உறுப்பினர் ஆண்டு முதல் வருகை நாளிலிருந்து தொடங்குகிறதா, மாற்றிய நாளிலிருந்தா? அடுத்த ஆண்டு உங்கள் கார்டிலிருந்து தானாகவே பணம் எடுப்பார்களா? இடையில் விலகினால் முழுச் சந்தாவும் திரும்ப வருமா, பிறகு கட்டிய மீதி மட்டுமா? பெரும்பாலும் மீதி மட்டும்தான் என்பார்கள், ஏனென்றால் டிக்கெட்டின் பயனை நீங்கள் ஏற்கெனவே அனுபவித்துவிட்டீர்கள். அசல் சீட்டுகளைக் கொடுக்கும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மாற்றப்படுவது உண்மையில் உறுப்பினர் அட்டைதானா, வெறும் ஆண்டு நுழைவுச்சீட்டா என்றும் பாருங்கள். பிரிட்டனில் 2006-க்குப் பிறகு பல இடங்களில் ஒருநாள் சீட்டே ஓராண்டுச் சீட்டாக மாறியதற்கு வரிச்சட்டம் ஒரு முக்கியக் காரணம். குறைந்தது ஓராண்டு நுழைவு உரிமை தந்தாலோ, அல்லது வழக்கமான கட்டணத்தைவிடப் பத்து சதவீதம் அதிகமாகக் கொடுத்தாலோதான், அந்தத் தொகையை நன்கொடையாகக் கருதி அறக்கட்டளையாக நடக்கும் அருங்காட்சியகம் வரிச்சலுகை கோர முடியும் என்று அங்கே விதி வந்தது. அந்தச் சீட்டுக்கு உறுப்பினர்களுக்கான மற்ற சலுகைகள் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

தம்பியின் சீட்டு: அவர் பணம் கொடுத்தது முகவரிடம், உங்கள் பெயரில் எதுவும் இல்லை. அந்தச் சீட்டுக்கு ஏதாவது உரிமை இருந்தாலும் அது அவருடையது. முகவரின் பக்கத்தில் இந்த வாக்குறுதி இல்லையென்றால் அதுவும் இல்லை. முகவர் எடுத்துக்கொண்ட சேவைக் கட்டணம் அருங்காட்சியகத்தின் கைக்கே போகாத பணம், அதைக் கழிக்கச் சொல்லவே முடியாது. அவருடைய சீட்டை உங்கள் குடும்பத்துச் சீட்டு என்று சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். நான்கு சீட்டுக்கு இருக்கும் நல்ல வாதத்தை ஐந்தாவது சீட்டு கெடுத்துவிடும். ஏற்கெனவே ஐந்தையும் சேர்த்து நீட்டிவிட்டீர்கள் என்பதால், கடிதத்தில் நான்கின் பதிவு எண்ணை மட்டும் குறிப்பிட்டு, கோரிக்கை அவற்றுக்கு மட்டுமே என்று எழுதிவிடுங்கள். தம்பி வேண்டுமானால் அவர் பெயரிலேயே முகவரிடம் தனியாகக் கேட்டுப் பார்க்கட்டும்.