எம்.பி. சொன்ன சட்டம் எப்போது நடப்புக்கு வரும்?

கேள்வி: "புதிய சட்டம் நிறைவேறிவிட்டது என்று தொகுதிக் கூட்டத்தில் எம்.பி. சொன்னார். வேலையிடத்தில் கேட்டால் 'இன்னும் இல்லை' என்கிறார்கள். எது சரி?"

இரண்டுமே சரியாக இருக்கலாம். சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் 'வாசிப்பு' எனப்படும் மூன்று கட்டங்களையும் தாண்டினாலே மசோதா 'நிறைவேறியது' என்பார்கள். அதன்பின் பெரும்பாலான மசோதாக்கள், எந்த இனத்துக்கோ சமயத்துக்கோ பாதகமா என்று பார்க்கும் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றத்துக்குப் போகும். பிறகு அதிபரின் ஒப்புதல், அரசிதழ் வெளியீடு. அதோடும் முடியாது. பல சட்டங்களுக்கு, நடப்புக்கு வரும் தேதியை அமைச்சர் தனியாக அறிவிக்க வேண்டும். அதுவரை சட்டம் தாளில்தான்.

செயலித் தளங்கள் வழி வேலை செய்யும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களையும் உணவு விநியோகிப்பவர்களையும் உள்ளடக்கும் தள ஊழியர் சட்டம் 2024 செப்டம்பரில் நிறைவேறியது. நடப்புக்கு வந்தது 2025 ஜனவரி 1. பொருள் சேவை வரி உயர்வு இன்னும் மெதுவாக வந்தது: 2022 வரவுசெலவுத் திட்டத்தில் உறுதியானது, 2023 ஜனவரியில் 8 விழுக்காடு, 2024 ஜனவரியில் 9.

ஆகவே எம்.பி.யிடம் "நிறைவேறிவிட்டதா?" என்று கேட்காதீர்கள், "எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பிரிவு?" என்று கேளுங்கள். ஒரே சட்டத்தின் பிரிவுகள் வெவ்வேறு நாளில் தொடங்குவதுண்டு. அரசாங்கத்தின் சட்டத் தொகுப்பு இணையத்தளத்தில் தொடக்கத் தேதியை இலவசமாகவே சரிபார்க்கலாம்.