பழைய காருக்கு டீலர் சர்வீஸா, வெளி மெக்கானிக்கா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2012 ஸ்விஃப்ட் டீசல். பழைய கார்களுக்குச் சலுகை பேக்கேஜ் என்று ஷோரூமில் இருந்து அடிக்கடி போன் வருகிறது. தெரு மெக்கானிக்கிடமே தொடரலாமா?

பதில்: தாராளமாகத் தொடருங்கள், அவர் டீசல் தெரிந்தவராக இருந்தால். பேக்கேஜ் என்பது பெரும்பாலும் ஆயில், ஃபில்டர், பொதுப் பரிசோதனை, அவ்வளவுதான். இந்த வயதுக் காரில் செலவு வைப்பதோ சஸ்பென்ஷன் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர்), ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச் மாதிரியானவை, அதெல்லாம் தனி பில், லேபருக்கு 18% ஜிஎஸ்டி வேறு. பேக்கேஜில் எது சேராது என்று முதலில் கேளுங்கள். ஆனால் ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது) விளக்கு எரிந்தால், கோளாறைப் படித்துச் சொல்லும் சரியான ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

உங்கள் இன்ஜினில் டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க உதவுவது) கிடையாது, அந்த வேலைக்குச் செயின்தான். அதனால் 'பெல்ட் மாற்றணும்' என்று யாராவது சொன்னால் எந்த பெல்ட் என்று கேளுங்கள். ஆயில் தரமாக, நேரத்துக்கு மாற்றினால் செயின் நன்றாக உழைக்கும். அப்புறம் பிரேக் ஃப்ளூயிட். அது ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை இறங்கும், மலைப்பாதையில் சூடேறினால் பிரேக் கைவிட்டுவிடலாம். ஆனாலும் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேட்டு மாற்றுங்கள். உதிரிப்பாகங்களை ஒரிஜினல் பார்ட்ஸ் கடையில் நீங்களே வாங்கிக் கொடுத்து, பில்லை ஃபைலில் வையுங்கள்.